கானகத்தில் ஒரு முஸாஃபிர்கானா

ஆப்பிரிக்கக் காடுகளில் விலங்கினங்களைக் காணச் செல்லும் பயணத்தை உலகெங்கும் ‘ஸஃபாரி’ என்று வழங்குகின்றனர். இச்சொல் நம் வீட்டுச் சொல்லே என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பயணத்தைக் குறிக்கும் ‘ஸஃபர்’ என்னும் அறபுச் சொல்லே சுவாஹிலி மொழியில் ‘ஸஃபாரி’ ஆயிற்று. மாதங்களுள் ஒன்றாகிய ஸஃபர் ‘ஸாது’ எழுத்தில் தொடங்குவது. பயணமாகிய ஸஃபரோ ‘ஸீன்’ எழுத்தில் தொடங்குவது. தமிழில் எழுதுங்கால் இரண்டும் ஒன்றாகத் தோன்றினும் எழுத்தும் வேறு, பொருளும் வேறு.

ஸீன், ஃபே, ரே என்னும் மூன்றெழுத்து வேருக்குத் திரை விலகுதல், வெளிப்படுதல் என்பன மூலப்பொருள். வைகறையில் வெளிச்சம் பரவுவதை ‘இஸ்ஃபார்’ என்பர். மனிதரின் மெய்க்குணத்தை வெளிப்படுத்துவதாலேயே பயணத்துக்கு ஸஃபர் என்று பெயர் வந்ததென அறபு அகராதி அறிஞர்கள் விளக்கம் தந்துள்ளனர். பயணிக்கென ஆயத்தம் செய்யும் உணவுக்கு ‘ஸுஃப்ரா’ என்று பெயர். பின்னர் அவ்வுணவைப் பரப்பி வைக்கும் தோல்விரிப்புக்கும் அதுவே பெயராகிவிட்டது. நம் இல்லங்களில் சாப்பாட்டுக்கு விரிக்கும் ஸுப்ரா அதுவேயாம். நாம் விரிக்கும் ஒவ்வொரு விரிப்பிலும் யாரோ ஒரு வழிப்போக்கரின் நினைவு மடிந்து கிடக்கிறது எனலாம்.

தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு எல்லையில் க்ரூகர் தேசியப் பூங்கா என்னும் பெருங்கானகம் உள்ளது. அங்கு வரும் பயணிகள் இரவில் தங்குவதற்கென அமைந்த ஓய்வு முகாம்கள் உலகப் புகழ் பெற்றவை. அம்முகாம்களின் வரலாற்றைப் பயிலும்போது நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகிறது. பயணியின் உரிமை யாது? அவரை ஏற்கும் வீட்டாரின் உரிமை யாது? இவ்வினாவை முன்வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கடற்கரையின் விருந்து

‘ஸாஹில்’ என்றால் கடற்கரை. அதன் பன்மையாகிய ‘ஸவாஹில்’ என்னும் சொல்லிலிருந்தே சுவாஹிலி என்னும் பெயர் தோன்றியது. மொகதிஷு முதல் தெற்கே ஸோஃபாலா வரையிலும் நீண்டு கிடந்த கிழக்காப்பிரிக்கக் கரைக்கு அறபு, பாரசீக, இந்திய மரக்கலங்கள் பருவக்காற்றை நம்பி வந்து சென்றன. அக்கரையில் வந்தவரை எவ்வாறு வரவேற்றனர் என்பதற்குச் சிறந்த சான்றினை இப்னு பதூதா தருகிறார்.

அவர் 1331ஆம் ஆண்டில் அக்கரையோரம் பயணம் செய்தார். மொகதிஷு துறைமுகத்தில் ஒரு கலம் வந்து நங்கூரமிட்டதும் அவ்வூர் இளைஞர்கள் சிறு படகுகளில் விரைந்து வருவார்களாம். ஒவ்வொருவர் கையிலும் மூடிய உணவுத் தட்டு ஒன்று இருக்குமாம். கலத்திலுள்ள வணிகர் ஒருவரிடம் அதை நீட்டி, இவர் என் விருந்தினர் என்று உரிமை கொண்டாடுவராம். அன்று முதல் அவ்வணிகரின் தங்கல், உணவு, கொள்வினை, கொடுப்பினை யாவும் அவ்வீட்டாரின் பொறுப்பாகிவிடும். இப்னு பதூதா வணிகரல்லர், மார்க்கச் சட்டம் கற்றவர் என்று அறிந்ததும் அவரை நேரே காழியிடம் அழைத்துச் சென்றனர். மார்க்க அறிஞர்கள் காழியின் விருந்தினர் என்பது அவ்வூர் வழக்கு.

இக்கரையின் புகழை மட்டும் பாடிவிட்டு நாம் நகர்ந்துவிடலாகாது. அதே துறைமுகங்களிலிருந்து யானைத்தந்தமும் சென்றது; அடிமைப்பட்ட மனிதர்களும் சென்றனர். கில்வா நகரின் சுல்தான் ஓர் ஏழைக்குத் தம் உடையையே கழற்றிக் கொடுத்த வள்ளன்மையை இப்னு பதூதா வியந்து கூறுகிறார். அந்நிகழ்ச்சியிலேயே அவ்வுடைக்கு ஈடாக அடிமைகளும் தந்தச் சுமைகளும் கைம்மாறியதையும் மறையாது குறிப்பிடுகிறார். விருந்தோம்பும் கையே விலங்கு பூட்டும் கையாகவும் இருந்தது. வரலாறு எழுதுவோர் இதனை ஒளித்தல் தகாது.

தங்கம் சென்ற வழி

கடற்கரைக்கு வந்த தங்கம் உள்நாட்டிலிருந்து வந்தது. ஸோஃபாலாவின் தங்கத்தைப் பற்றிப் பத்தாம் நூற்றாண்டிலேயே மஸ்ஊதீ எழுதியுள்ளார். உள்நாட்டுக்கும் கடற்கரைக்கும் இடையே நடந்த இவ்வணிகத்தின் அடையாளம் க்ரூகர் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் வியப்பு. பூங்காவின் வடகோடியில், லுவுவு ஆற்றின் அருகே ஒரு குன்றின் மேல், துலமேலா என்னும் பழைய ஊரின் கற்சுவர்கள் நிற்கின்றன. 1990களில் நிகழ்ந்த அகழாய்வில் அங்கே பொன் அணிகளும், இந்தியப் பெருங்கடல் வழியே வந்த கண்ணாடி மணிகளும், சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன.

மனிதர் வாழாத கன்னிக்காடு என்று பயணிகளுக்குச் சொல்லப்பட்ட நிலம், மெய்யாகவே மக்கள் வாழ்ந்த நாடு. அரசும் தொழிலும் கடல் கடந்த வணிகமும் கண்ட நாடு. இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

காட்டுக்கு எல்லை வகுத்தல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ‘ஸஃபாரி’ ஆங்கில மொழிக்குள் புகுந்தது. வணிகக் கூட்டத்தின் பயணத்தைக் குறித்த சொல், வேட்டைக்காரரின் பயணத்தைக் குறிக்கலாயிற்று. அமெரிக்காவின் முன்னாள் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் மொம்பாஸாவில் இறங்கி நடத்திய ஸஃபாரியில் அவரும் அவர் மைந்தரும் சுட்டு வீழ்த்திய விலங்குகள் 512 என்பது பதிவு.

தெற்கிலும் துப்பாக்கியின் பசி அடங்கவில்லை. தந்தத்துக்கும் தோலுக்குமாக விலங்குகள் அழிந்துவரவே, ட்ரான்ஸ்வால் குடியரசின் தலைவர் பால் க்ரூகர் 1898இல் ஸாபி ஆற்றுக்கும் முதலை ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தைக் காப்பிடமாக அறிவித்தார். அடுத்த ஆண்டே ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. போர் முடிந்த 1902இல் ஆங்கிலேய ஆட்சி ஜேம்ஸ் ஸ்டீவன்சன் ஹாமில்டன் என்னும் படை அதிகாரியைக் காப்பாளராக நியமித்தது. அவர் 1946 வரை அப்பணியில் இருந்தார்.

காட்டு விலங்குகளின்பால் அவர் கொண்டிருந்த பரிவு உண்மையானது. வேட்டைக்காரரையும் சுரங்கக்காரரையும் பண்ணை முதலாளிகளையும் எதிர்த்து நின்று அந்நிலத்தைக் காத்தவர் அவரே. ஆயினும் தொடக்கத்தில் அவர் செய்த செயல்களுள் ஒன்று, காப்பிடத்துக்குள் வாழ்ந்த ஆப்பிரிக்கக் குடிகளை வெளியேற்றியது. அதனால் ட்ஸோங்கா மக்கள் அவருக்கு ‘ஸ்குகூஸா’ என்று பெயரிட்டனர். பெருக்கித் தள்ளுபவர் என்றும், எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டுபவர் என்றும் அதற்குப் பொருள் கூறுவர். ஸாபி பாலம் என வழங்கிய தலைமையிடத்துக்கு 1936இல் இப்பெயரையே சூட்டினர். இன்று பூங்காவின் மிகப்பெரிய ஓய்வு முகாம் ஸ்குகூஸாதான். அங்கே தங்குவோர் தம்மை அறியாமலே ஒரு வெளியேற்றத்தின் பெயரை நாவில் ஏற்றுகின்றனர்.

முகாம் வளர்ந்த கதை

பொதுமக்களை முதலில் அக்காட்டுக்குள் கொண்டுவந்தது இரயில்வே. ஒன்பது நாள் சுற்றுலா ஒன்றை 1923இல் தென்னாப்பிரிக்க இரயில்வே தொடங்கிற்று. ஸெலாட்டி இருப்புப்பாதை வழியே வந்த வண்டி ஸாபி பாலத்தருகே இரவு நிற்கும். பயணிகள் இறங்கித் தீ மூட்டி அமர்ந்து காவலர்கள் சொல்லும் காட்டுக் கதைகளைக் கேட்பார்கள். காட்டைக் கடந்து செல்வது மட்டுமே அச்சுற்றுலாவின் நோக்கமாயிருந்தது. ஆனால் மக்கள் மிகவும் விரும்பியது அந்த இரவைத்தான். விலங்கைச் சுடுவதற்கன்றிப் பார்ப்பதற்காகவே மக்கள் பணம் கொடுப்பார்கள் என்பது அப்போது தெளிவாயிற்று.

1926 மே 31இல் தேசியப் பூங்காச் சட்டம் நிறைவேறியது. 1927இல் மூன்று மோட்டார் வண்டிகள் நுழைந்தன. கட்டணம் ஒரு பவுன். மறு ஆண்டு வந்தவை 180 வண்டிகள், 1929இல் 850. தங்குவதற்கு ‘ரொண்டாவெல்’ எனப்படும் வட்டக் குடில்கள் எழுந்தன. வட்டச் சுவரும் கூம்பு வடிவப் புற்கூரையும் கொண்ட அக்குடில், ஆப்பிரிக்கக் குடிகளின் வீட்டு வடிவமேயாம். வீட்டார் போயினர், வீட்டின் வடிவம் விருந்தினருக்காக அங்கே நின்றது!

ப்ரிடோரியஸ்கோப், ஸதாரா, லெடாபா, ஒலிஃபன்ட்ஸ் என முகாம்கள் ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்தன. வடக்கே ‘புண்டா மரியா’ என்றொரு முகாம் உண்டு. அங்கு 1919இல் காவலராயமர்ந்த கூட்ஸர் என்பார் வரிக்குதிரைக்குச் சுவாஹிலியில் வழங்கும் ‘புண்டா மிலியா’ என்னும் தொடரைத் திரித்து இப்பெயரை இட்டார். அவருடைய மனைவியின் பெயர் மரியா என்பதும் அதற்கொரு காரணம் என்பர். இவ்வாறு சுவாஹிலிக் கரையின் மொழி, தன் எல்லைக்கு வெகுதொலைவு தெற்கேயும் ஒரு தடம் பதித்துள்ளது.

இம்முகாம்களில் தங்கும் முறை தனித்தன்மையுடையது. ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காட்டில் விலங்குகள் தம் விருப்பப்படி உலவுகின்றன; வேலிக்குள் அடைபடுவது மனிதரே. பருவத்துக்கேற்பக் காலையில் வாயில் திறக்கும். மாலை மங்குமுன் மூடும். அதற்குள் முகாம் சேராதோர் தண்டம் கட்ட நேரும். தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் செல்லலாகாது. குறிப்பிட்ட இடங்களிலன்றி வண்டியை விட்டு இறங்கலாகாது. ஆதலின் தொழுகையாளிகள் ளுஹரையும் அஸரையும் எந்த முகாமில் நிறைவேற்றுவது என்று காலையிலேயே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பயணிக்கு மார்க்கம் அளித்த சலுகைகளின் அருமை இங்கே விளங்கும். நமக்கு மேற்கே உள்ள கிப்லா அங்கே வடக்கே அமையும்.

இரவில் குடிலின் முன்னே அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டுவது அந்நாட்டார் வழக்கம். வேலிக்கப்பால் கழுதைப்புலியின் ஊளையும், தொலைவில் சிங்கத்தின் முழக்கமும் கேட்கும். ஊர்வன, பறப்பன யாவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்னும் திருமறையின் போதனையைச் சிந்திக்க ஏற்ற இடம் அதுவாம்.

இரு வகைப் பயணிகள்

ஆனால் அக்காட்டு வழியே வேறு வகை முஸாஃபிர்களும் சென்றனர். ஜோஹன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களில் வேலை தேடி மொசாம்பிக்கிலிருந்து ஏழை மக்கள் கால்நடையாகப் பூங்காவைக் கடந்தனர். அவர்களுக்கு வட்டக் குடில் இல்லை. காவலரின் கதையும் இல்லை. அனுமதிச் சீட்டு இல்லாதவர்களை அத்துமீறி நுழைந்தோர் எனப் பிடித்து, சாலை அமைத்தல் முதலிய வேலைகளில் ஈடுபடுத்தினர். ஒருவகைப் பயணியின் வண்டி சுகமாக ஓடுவதற்கு மற்றொருவகைப் பயணி மண் சுமந்தார்.

கட்டணம் செலுத்தி வந்த கறுப்பரும் இந்தியரும்கூட ஒரே வாயிலில் ஒரே வகையாக ஏற்கப்படவில்லை. இனஒதுக்கல் காலத்தில் வெள்ளையரல்லாதார்க்கென ஒதுக்கப்பட்டது பலூலே என்னும் சிறு முகாம். ஒலிஃபன்ட்ஸ் ஆற்றின் அருகே ஆறு வட்டக் குடில்களுடன் மின்விளக்கின்றி அமைந்தது அது. காடு ஒன்று, சிங்கம் ஒன்று, கட்டணமும் உண்டு. தலைசாய்க்கும் இடம் மட்டும் வேறு!

இங்கே இன்னொரு சொல்லின் கதையையும் கூறியாக வேண்டும். கிழக்காப்பிரிக்கக் கரையில் முஸ்லிம் வணிகர்கள் தம் சமயத்தைச் சேராதவரைக் ‘காஃபிர்’ எனக் குறிப்பிட்டனர். அதனைப் போர்ச்சுக்கீசியர் செவியேற்றுக் கறுப்பின மக்களுக்கே பெயராக்கினர். பின்வந்த வெள்ளையர் நாவில் அது நெஞ்சைச் சுடும் இழிசொல்லாயிற்று. இன்று தென்னாப்பிரிக்காவில் அச்சொல்லால் ஒருவரை ஏசுவது நீதிமன்றம் வரை கொண்டு செல்லும் குற்றம். நம் அறபிலிருந்து சென்ற இரு சொற்களுள் ஒன்று இன்பப் பயணமாகவும் மற்றொன்று அவமானமாகவும் அந்நாட்டில் பயன்பட்டன. சொல்லை விதைப்போர் அது யார் கையில் எவ்வாறு விளையும் என்று அஞ்சி நடக்க வேண்டும்.

மகுலேகே மக்கள்

வெளியேற்றம் 1902ஆம் ஆண்டோடு முடியவில்லை. பூங்காவின் வடகோடியில் லிம்போபோ ஆற்றுக்கும் லுவுவு ஆற்றுக்கும் இடையே பஃபூரி என்னும் செழிப்பான நிலம் உண்டு. அங்கே வாழ்ந்த மகுலேகே மக்கள் ஏறத்தாழ 3,000 பேரை 1969இல் அரசு வெளியேற்றியது. தம் குடிசைகளுக்குத் தம் கையாலேயே தீயிடும்படி அவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். தெற்கே வேறொரு நிலத்தில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களது நிலம் பூங்காவோடு சேர்க்கப்பட்டது.

இனஒதுக்கல் ஆட்சி 1994இல் முடிவுற்றது. அவ்வாண்டே நில மீட்புச் சட்டம் வந்தது. மகுலேகே மக்கள் உரிமை கோரி வழக்காடினர். 1998இல் ஏறத்தாழ 24,000 ஹெக்டேர் நிலம் அவர்களுக்கே உரியதெனத் தீர்வாயிற்று. அப்போது அவர்கள் எடுத்த முடிவு வரலாற்றில் பொறிக்கத்தக்கது. தாங்கள் திரும்பக் குடியேறிக் காட்டை உழுதுவிடவில்லை. அதனை வனமாகவே காக்கவும், பூங்கா நிர்வாகத்தோடு இணைந்து நடத்தவும், பயணியர் விடுதிகள் வழியே தம் சமூகம் வருவாய் பெறவும் உடன்பட்டனர். வீட்டைப் பறிகொடுத்தவர்கள் வீடு திரும்பியதும் செய்த முதற்செயல் விருந்தினருக்கு வாயில் திறந்ததேயாம்!

காட்டைக் காக்க வேண்டுமாயின் மனிதரைத் துரத்தியே ஆக வேண்டும் என்று நூறாண்டு காலம் சொல்லிவந்த வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேறு உண்டோ?

ஹிமாவும் நீதியும்

மேய்ச்சல் நிலத்தையும் கானகத்தையும் காப்பிடமாக்குவது இஸ்லாம் அறியாத செய்தியன்று. அதனை ‘ஹிமா’ என்பர். அறியாமைக் காலத்தில் அறபுத் தலைவன் ஒருவன் செழிப்பான இடத்தில் நாயைக் குரைக்கச் செய்வான், அவ்வோசை எட்டும் எல்லைவரை அவனுக்கே உரிய நிலம், பிறர் நுழையலாகாது. வலியவனின் இந்த வழக்கத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒழித்தார்கள். தனிமனிதரின் இன்பத்துக்காகவன்றிப் பொதுநலனுக்காகவே ஹிமா இருக்கலாம் என்று விதித்தார்கள். மதீனாவைச் சூழ்ந்த புனித எல்லைக்குள் வேட்டையாடுவதையும் மரம் வெட்டுவதையும் தடுத்தார்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ரபதா முதலிய இடங்களில் ஹிமா அமைத்தபோது ஹுனை என்பாரைக் காப்பாளராக்கினார்கள். அவருக்கு அவர்கள் இட்ட கட்டளை ஸஹீஹுல் புகாரீயில் பதிவாகியுள்ளது. அதன் சாரம் இது: மக்களிடம் மென்மையாக நடந்துகொள்ள வேண்டும், அநீதி இழைக்கப்பட்டவரின் இறைஞ்சலுக்கு அஞ்ச வேண்டும், சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழையை உள்ளே விட வேண்டும், செல்வர்களாகிய அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகளை விடலாகாது. செல்வரின் கால்நடை மடிந்தால் அவர்களுக்குத் தோட்டமும் விளைநிலமும் உண்டு. ஏழையின் கால்நடை மடிந்தால் அவன் குழந்தைகளோடு வந்து கலீஃபாவின் வாயிலிலன்றோ நிற்பான்! அந்நிலம் அம்மக்களுடைய சொந்த நிலமே என்பதையும், காப்பிடம் அமைத்ததால் அவர்கள் தம்மை அநீதியாளராகக் கருதக்கூடும் என்பதையும் அவ்விடத்திலேயே அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

ஸ்குகூஸாவையும் ரபதாவையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் காப்பிடங்களே. ஒன்றில் ஏழைக்கு வாயில் அடைபட்டது, செல்வருக்குத் திறந்தது. மற்றொன்றில் செல்வருக்கு அடைபட்டது, ஏழைக்குத் திறந்தது. காடு காப்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. வாயிலில் நிற்கும் காவலரின் கையில் எந்தக் கட்டளை இருக்கிறது என்பதில்தான் நீதி அடங்கியிருக்கிறது.

விருந்துக்கு மூன்று நாள் உரிமையுண்டு என்றும், அதற்கு மேற்பட்டது தர்மம் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அதே போதனையில் விருந்தினருக்கும் ஒரு கடமை விதித்தார்கள். வீட்டாரை நெருக்கடிக்குள்ளாக்கும் அளவுக்குத் தங்கியிருத்தல் ஆகாது. ஸகாத் பெறத் தகுதியுடைய எண்மருள் வழிப்போக்கரையும் ஒருவராக்கிய மார்க்கம், வழிப்போக்கர் வீட்டாரைத் துரத்திவிட்டு வீட்டில் அமர்வதை எங்கும் அனுமதிக்கவில்லை. ஆப்பிரிக்காவில் நடந்ததோ அதுவே.

இன்று பொதுவாக ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் க்ரூகர் பூங்காவுக்குச் செல்கின்றனர். நம்மவர் பிள்ளைகளும் உலகின் பல பகுதிகளில் வாழ்கின்றனர். விடுமுறையில் இத்தகைய முகாம்களில் தங்குகின்றனர். போகட்டும், படைத்தவனின் அத்தாட்சிகளைக் கண்குளிரக் காணட்டும். பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு திருமறையே நம்மைத் தூண்டுகிறது. முன்னோரின் முடிவு என்னவாயிற்று என்று அறிவதற்கே அத்தூண்டுதல் என்பதையும் அவர்கள் நினைவிற் கொள்ளட்டும். வட்டக் குடிலில் ஸுப்ராவை விரித்து அமரும்போது, இந்நிலத்தில் முன்பு அடுப்பு மூட்டியவர் யார், அவர் இப்போது எங்கே என்று பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லட்டும். தேநீர் கொண்டுவரும் பணியாளரிடமும் வாயிற்காவலரிடமும் முகமலர்ச்சியோடு பேசட்டும். அவர் தம் முப்பாட்டனாரின் நிலத்தில் நமக்குப் பணி செய்பவராக இருக்கக்கூடும்.

பயணம் மனிதரின் குணத்தைத் திரை விலக்கிக் காட்டும் என்றனர் அகராதி அறிஞர். ஒரு நாட்டின் குணத்தையும் அது காட்டும். வல்ல அல்லாஹ் நம் பயணங்களை நலமுடையனவாக்கி, நாம் தங்கும் இடமெங்கும் வீட்டாரின் உரிமையை மதிக்கும் விருந்தினராக நம்மை ஆக்கியருள்வானாக!